வெள்ளி மூக்கும் எலும்புத் தூளும்



பசறைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து ஓர் உம்மா கடிதம் எழுதியிருக்கிறார். பதினொரு வயது மகள் பீலியடியில் தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்திருக்கிறாள். பெரிய விழுகையல்ல. தானே எழுந்து நின்று பாவாடையைத் தட்டிக்கொண்டாளாம். ஆனால் வலது கை தோளுக்குக் கீழே முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தபோது எலும்புக்குள்ளே நீர் நிறைந்த ஒரு பொந்து இருப்பது தெரிந்தது. பிள்ளைகளுக்கு வரக்கூடியதுதான், புற்றுநோய் அல்ல, முறிவு சேர்ந்த பிறகு பொந்தைச் சுரண்டித் துப்புரவாக்கி எலும்புத் தூள் வைத்து நிரப்பிவிடலாம் என்று டொக்டர் சொல்லித் தேதியும் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தேதிக்கு அவர்கள் போகவில்லை. "அது பன்றி எலும்பை இடித்த தூள், இல்லாவிட்டால் மையித்தின் எலும்பு. அதை உடம்பில் வைத்துக்கொண்டு பிள்ளை எப்படித் தொழும்?" என்று பக்கத்து வீட்டுத் தாத்தா கேட்டாராம். பிள்ளையின் வாப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தனியே முடிவெடுக்கப் பயந்து உம்மா பேசாமல் இருந்துவிட்டார். "பிள்ளை புத்தகப் பையைக்கூட இடது தோளில்தான் போடுகிறாள். நாங்கள் போகாமல் விட்டது சரிதானா ஹஸரத்?" என்று கேட்கிறார்.

பதிலை அன்றே தபாலில் போட்டேன். உடனே வேறு தேதி எடுங்கள், தூள் எதனால் ஆனது என்று டொக்டரிடமே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை என்று எழுதினேன். இரண்டு வாரம் கழித்து மறுமொழி வந்தது. எந்த உயிரினத்திலிருந்தும் எடுக்காமல் செயற்கையாகச் செய்த கல்சியம் பொஸ்பேட் என்று டொக்டர் சொன்னாராம். புதுத் தேதியும் கிடைத்திருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இந்தச் சந்தேகம் ஒரு வீட்டோடு நிற்கப் போவதில்லை. எங்கள் ஊவா மலைகளில் கைகால் முறியாத வீடு எது? கொழுந்து மலையின் சரிவு, பாசி பிடித்த லயத்துப் படிக்கட்டு, மழைக்காலத்துக் குறுக்குப் பாதை என்று வழுக்குவதற்கு இடம் நிறையவே இருக்கிறது. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உடம்புக்குள் வேறொரு பொருளை வைப்பது நம்முடைய மார்க்க நூல்களுக்குப் புதிய விஷயமல்ல. அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) என்றொரு ஸஹாபி இருந்தார்கள். இஸ்லாத்துக்கு முந்திய குலாப் என்ற போரில் அவர்களுடைய மூக்கு வெட்டுண்டு போனது. வெள்ளியில் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். நாளடைவில் அது நாற்றமெடுத்தது. தங்கத்தால் ஒரு மூக்குச் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகின்ற செய்தி இது. தங்கம் ஆண்களுக்கு ஆகாது என்ற சட்டம் இந்த இடத்தில் தேவைக்காக விலகி நிற்கிறது என்று இமாம்கள் விளக்குகிறார்கள். மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்தும்போது இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். வெள்ளி மட்டமான பொருளல்ல. நகை செய்யலாம், பாத்திரத்தின் வெடிப்பை ஒட்டலாம். ஆனால் உடம்பின் ஈரத்தோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. தங்கத்துக்கு ஒத்துப்போனது. எந்தப் பொருள் உடம்போடு சண்டை பிடிக்காமல் இருக்கும் என்று இன்றைக்குப் பெரிய பெரிய ஆய்வுகூடங்களில் தேடுகிறார்களே, அந்தக் கேள்வி இந்தச் செய்திக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் எலும்பு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுப்படியில் நீங்களே பார்க்கலாம். ஆணம் ஆக்கியபின் ஒரு கோழிக் கால் எலும்பைச் சதையில்லாமல் கழுவி, ஒரு போத்தலில் வினாகிரி ஊற்றி அதற்குள் போட்டு வையுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வினாகிரியை மாற்றுங்கள். சில நாளில் எலும்பு ரப்பர் போல வளையும். வினாகிரி அதிலிருந்த கல்லைக் கரைத்துவிட்டது, மிஞ்சியது கொலாஜன் என்ற நார். இன்னோர் எலும்பை அடுப்புத் தணலில் வெள்ளையாகும் வரை போடுங்கள். வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் விரலால் அமுக்கினால் பொரிந்து உதிரும். இப்போது நார் எரிந்து கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள், பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிட நன்றாகப் பதியும்.

நிறையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல், மீதி நாரும் நீரும். முன்னைய காலத்தில் வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மண் மட்டும் என்றால் வெடித்து விழும். வரிச்சு மட்டும் என்றால் ஆடும். இரண்டும் சேர்ந்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். எலும்பை அல்லாஹ் அப்படித்தான் படைத்திருக்கிறான், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான வரிச்சும் மண்ணும். அந்தக் கல்லின் பெயர் அபடைட். கல்சியமும் பொஸ்பேட்டும் சேர்ந்தது. ஆய்வுகூடத்தில் செய்யும் அதன் நெருங்கிய உறவை ஹைட்ரொக்சி அபடைட் என்கிறார்கள். பெயர் நீளம்தான், ஆனால் மருந்துப் பெட்டியில் அச்சடித்திருக்கும் என்பதால் ஞாபகத்தில் வைத்திருங்கள்.

சரி, எலும்பில் உள்ள பொந்தை எதைக் கொண்டு நிரப்புகிறார்கள்? முதல்தரமானது நோயாளியின் சொந்த எலும்புதான். இடுப்பிலிருந்து கொஞ்சம் வெட்டி எடுத்து வைப்பார்கள். மார்க்கத்திலும் அதில் சிக்கல் இல்லை, உடம்பும் அதை மறுக்காது. ஆனால் இடுப்பில் இன்னொரு காயம், இன்னொரு வலி. சின்னப் பிள்ளையின் இடுப்பில் எடுப்பதற்கு எவ்வளவுதான் இருக்கும்? இரண்டாவது, இறந்தவர்கள் தானம் செய்த எலும்பு. கொழும்பில் கண்தானச் சங்கத்தின் கீழ் மனித இழைய வங்கியொன்று 1996இல் சர்வதேச அணுசக்தி முகவர் நிலையத்தின் உதவியோடு ஆரம்பிக்கப்பட்டது. கதிர் வீசிக் கிருமி நீக்கிய இழையங்களை அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறார்கள். மூன்றாவது, மிருக எலும்பு. பெரும்பாலும் மாடு, சிலவற்றில் பன்றி. நான்காவது, செயற்கைப் பீங்கான் தூள். பசறைப் பிள்ளைக்கு வைக்கப் போவது இந்த நான்காவதுதான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா முழுப் பொய்யும் சொல்லவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அப்படியும் பொருட்கள் உண்டு. எனவே கேட்க வேண்டும். கேட்காமல் ஊகித்துக்கொண்டு பிள்ளையின் சிகிச்சையை நிறுத்தினதுதான் பிழை.

சட்டம் என்ன? நாங்கள் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நவவி இமாம் (ரஹ்) அவர்களுடைய மின்ஹாஜில் தொழுகையின் ஷர்த்துகளைச் சொல்லும் இடத்திலேயே இந்த மஸ்அலா வருகிறது. சுத்தமான பொருள் கிடைக்காத நிலையில் ஒருவர் நஜிஸான ஒன்றைக்கொண்டு தன் எலும்பைச் சேர்த்துக்கொண்டால் அவர் மன்னிக்கப்பட்டவர். சுத்தமானது இருக்கும்போதே நஜிஸை வைத்துக்கொண்டவர் அதை எடுத்துவிட வேண்டும், அதுவும் எடுப்பதால் வெளிப்படையான கெடுதி வரும் என்ற பயம் இல்லையென்றால்தான். எழுநூறு வருடத்துக்கும் மேலாக அரபுக் கலாசாலைகளில் ஓதிவருகின்ற கிதாபு. எலும்பு ஒட்டுவதைப் பற்றி அன்றே இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். ஏற்கெனவே சத்திரசிகிச்சை செய்துகொண்டு, உள்ளே என்ன இருக்கிறதோ என்று தொழுகைப் பாயில் நின்று குழம்பும் சகோதரிகள் இதைக் கவனிக்கட்டும். உங்கள் தொழுகைக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறந்தவரின் எலும்பை உடைப்பது உயிருள்ளவரின் எலும்பை உடைப்பது போன்றது என்ற கருத்தில் ஹதீஸ் இருக்கிறது. மையித்தின் கண்ணியம் பெரிது. ஆயினும் 1988இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய பிக்ஹு அகடமி, உயிரோ உடம்பின் அடிப்படைத் தொழிலோ அதில் தங்கியிருந்தால், இறந்தவரின் அல்லது வாரிசுகளின் சம்மதம் முதலான நிபந்தனைகளோடு உறுப்பு மாற்றத்துக்கு இடமளித்தது. மாட்டெலும்பைக் கடும் சூட்டில் சுட்டு, நாரெல்லாம் எரிந்து கல் மட்டும் மிஞ்சச் செய்த தூளைப் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. பொருள் முற்றாக மாறினால் சட்டமும் மாறும் என்பது ஹனபி மத்ஹபின் நிலைப்பாடு. எங்கள் மத்ஹபு அதில் இறுக்கமானது. இந்த வாதங்களுக்குள் உங்களை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை. செயற்கைப் பொருள் நல்ல தரத்தில் கிடைக்குமானால் இந்த வாதமே தேவைப்படாது. அதனால்தான் விஞ்ஞானிகளின் இந்த வேலையில் எனக்கு ஒரு தனி அக்கறை.

அந்த வேலை ஏன் கடினமானது என்பதை இனிப் பார்ப்போம். கையில் உள்ள சிறு பொந்துக்குத் தூள் போதும். பாரம் தாங்கும் இடத்தில், முறிந்த இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய இடத்தில், தூளால் ஒன்றும் ஆகாது. தகடும் ஆணியும் வேண்டும். இன்று அவை துருப்பிடிக்காத இரும்பு அல்லது டைட்டேனியம். உறுதியில் குறையில்லை. உறுதி கூடிப்போவதுதான் வில்லங்கம். எலும்பைவிட இரும்பு பத்து மடங்குக்கும் மேல் விறைப்பானது. பாரத்தையெல்லாம் தகடே சுமக்கும், பக்கத்திலுள்ள எலும்பு சும்மா இருந்து மெலியும். வேலை செய்யாத உடம்பு மாதிரித்தான் எலும்பும். வளரும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தகட்டைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கும் சிலவேளை எடுக்க வேண்டி வரும். எடுப்பதென்றால் இன்னொரு தடவை மயக்க ஊசி, வாட்டு, தையல். நாட்சம்பளத்துக்குப் போகும் ஒரு தாய்க்கு அதன் கணக்குத் தெரியும். பேரில்லாத நாள், பிள்ளைகளைப் பார்க்க ஆள், மலையிலிருந்து பதுளைக்கு பஸ். "எடுக்க வரச் சொன்னார்கள், போகவில்லை" என்று காலில் தகட்டோடு வருடக் கணக்கில் கொழுந்து பறிப்பவர்களை எனக்குத் தெரியும்.

வேலை முடிந்ததும் தானே கரைந்து போகும் ஆணி இருந்தால் எப்படி?

கரைகிற பொருள் ஒன்று உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். பிள்ளைப்பேறின்போது போடுகின்ற தையல்நூல். வெட்டி எடுக்கத் தேவையில்லை, தானாகவே கரைந்துவிடும் என்று மிஸ்ஸி சொல்லியிருப்பார். முன்னர் ஆட்டுக்குடலிலும் மாட்டுக்குடலிலும் செய்த நூலைப் பாவித்தார்கள். 1970களில் செயற்கை நூல்கள் வந்தன. அவற்றில் ஒரு பங்கு லக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பல்பகுதியம். லக்டிக் அமிலம் என்றால் பயப்பட வேண்டாம். தயிரின் புளிப்பு அதுதான். கூடையோடு மேட்டில் ஏறும்போது உங்கள் தொடைத் தசையிலும் அது ஊறுகிறது. சீனியையோ மாவையோ புளிக்கவைத்து அதைச் செய்கிறார்கள். அந்த அமிலத்தின் துணிக்கைகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்கினால் பிளாஸ்டிக் போன்ற ஒரு பொருள் வரும். உடம்பின் ஈரம் பட்டுப் பட்டுச் சங்கிலி அறுந்து, மறுபடி லக்டிக் அமிலமாகி, கடைசியில் நீரும் கரிவளியுமாகப் போய்விடும்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ரொக்கனென் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் அவருடைய கூட்டத்தாரும் 1984இல் இப்படிக் கரையும் கம்பிகளைக்கொண்டு கணுக்கால் முறிவுகளைச் சேர்த்தார்கள். லக்டிக் அமிலத்துக்குத் தம்பியான கிளைக்கொலிக் அமிலத்தின் பல்பகுதியம் அவற்றில் சேர்ந்திருந்தது. எலும்பு சேர்ந்தது. ஆனால் சிலருக்கு மாதங்கள் கழித்து அந்த இடம் வீங்கி நீர் வடிந்தது. கிருமி ஒன்றும் இல்லை. பொருள் வேகமாகக் கரைந்து, உடம்பு அப்புறப்படுத்துவதற்கு முன்னே அமிலம் தேங்கியதுதான் காரணமென்று சொன்னார்கள். அர்ஃபஜா (ரழி) அவர்களுடைய வெள்ளி மூக்கின் கதை மாதிரியே இருக்கிறதல்லவா? அதுமட்டுமல்ல, பல்பகுதியம் தனியே நின்றால் எலும்பளவு விறைப்பும் கிடையாது. வரிச்சு மட்டும் கட்டிய சுவர்.

மண் மட்டும் அப்பிய சுவரும் முயன்று பார்க்கப்பட்டதுதான். ஜெர்மனியின் ட்ரீஸ்மன் 1892இலேயே எலும்புப் பொந்துகளில் பாரிஸ் சாந்தை நிரப்பினார். அமெரிக்காவின் அல்பி 1920இல் கல்சியம் பொஸ்பேட்டை வைத்துப் பார்த்தார். பீங்கானின் குணம் உங்களுக்குத் தெரியும். தேநீர்க் கோப்பையின் மேல் இன்னொரு கோப்பையை அடுக்கினால் தாங்கும், நிலத்தில் விழுந்தால் போச்சு. அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. இன்னொரு சங்கடம், எலும்பு உள்ளே வளர்ந்து வர வேண்டுமானால் பீங்கானில் நுண்துளைகள் இருக்க வேண்டும், இரத்தக் குழாய் நுழையுமளவுக்கு. துளை கூடினால் பலம் குறையும். பலம் கூடினால் எலும்பு நுழையாது.

ஆகவே இரண்டையும் சேர்த்தார்கள். கல்சியம் பொஸ்பேட் தூளைக் கரையும் பல்பகுதியத்தோடு கலந்து ஒரே பொருளாக்கினார்கள். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். விறைப்பு எலும்பை நெருங்கி வரும். பல்பகுதியம் கரையும்போது வருகிற அமிலத்தைப் பக்கத்திலேயே இருக்கும் கல்சியம் பொஸ்பேட் ஓரளவு முறித்துவிடும், வயிற்றுப் புளிப்புக்குச் சுண்ணாம்புக் குளிசை போடுவது போல. ஆனால் கலப்பது லேசான காரியமல்ல. ரொட்டிக்கு மாப் பிசையும்போது உப்பு ஓரிடத்தில் கட்டிப்பட்டால் என்ன ஆகும்? இங்கேயும் அதுதான். தூள் திரண்டு நிற்கும் இடத்திலிருந்துதான் வெடிப்புத் தொடங்கும். தூளும் பல்பகுதியமும் ஒட்டாமல் விட்டால் இடையில் நீர் புகுந்து சீக்கிரமே பலம் போய்விடும்.

ஜப்பானில் ஷிக்கினாமி, ஒக்குனோ என்ற இருவர் 1999இல் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அது ஒரு கொல்லன் பட்டறை முறை. முதலில் பல்பகுதியத்தை ஒரு திரவத்தில் கரைக்கிறார்கள். மிக நுண்ணிய ஹைட்ரொக்சி அபடைட் தூளை அதில் ஒரே சீராகக் கலக்கி, திரவத்தை நீக்கி, கட்டியை உருக்கித் தடித்த கம்பியாக்குகிறார்கள். சாதாரணமாக இதோடு ஆணியாக வார்த்துவிடுவார்கள். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. அந்தக் கம்பியை உருகாத சூட்டில், நூறு பாகையைச் சற்றுத் தாண்டிய அளவில் வைத்துக்கொண்டு, அதைவிட ஒடுங்கிய அச்சுக்குள் அமுக்கித் திணித்தார்கள். இரும்பைக் காய்ச்சி அடித்தால் இறுகுவது போல உள்ளேயுள்ள சங்கிலிகள் நெருங்கி ஒழுங்காகின. அதன் பிறகுதான் கடைசல் இயந்திரத்தில் வைத்து ஆணியாகக் கடைந்தார்கள். வளைத்துப் பார்க்கும் சோதனையில் அது 270 மெகாபாஸ்கல் வரை தாங்கியது. மனித எலும்பின் கடினமான வெளிப்பகுதி தாங்குவதைவிட இது அதிகம். விறைப்போ எலும்பை அண்டியே நின்றது, இரும்பைப் போல ஓங்கிப் போகவில்லை. உடம்புச் சூட்டிலுள்ள உப்பு நீரில் ஊறவைத்தும் ஆறு மாதமளவு பெரும்பகுதிப் பலம் இருந்தது. முறிந்த எலும்பு சேர்வதற்கு அந்தக் கால அளவு போதும். அதன்பிறகு பல வருடங்களில் மெல்ல மெல்லக் கரைந்து எலும்புக்கு இடம்விடும். முகம், மண்டையோடு, நெஞ்செலும்பு, கணுக்கால் போன்ற இடங்களில் இந்த வகைத் தகடும் ஆணியும் பாவனைக்கு வந்துவிட்டன. தொடையெலும்புக்கு இன்றும் உலோகம்தான். பாரம் கூடின இடத்தில் கரையும் பொருளை நம்பும் நிலை இன்னும் வரவில்லை.

இது ஜப்பான்காரர் விஷயம், எங்களுக்கென்ன என்று நினைப்பீர்கள். இந்தக் கல் எங்கள் தேயிலைத் தூரிலேயே கிடக்கிறது. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் 1971இல் கண்டுபிடிக்கப்பட்ட பொஸ்பேட் பாறை அபடைட் இனம்தான். அரைத்து மூட்டை கட்டித் தேயிலை, ரப்பர், தென்னைத் தோட்டங்களுக்கு உரமாக அனுப்புகிறார்கள். ஊவாவின் மலைகளில் எத்தனை கைகள் அதை அள்ளித் தூவியிருக்கும். 1990களில் இந்தப் பாறையை வெளிநாட்டுக் கம்பனியோடு சேர்ந்து வேகமாகத் தோண்டி எடுக்கும் திட்டமொன்று வந்தது. ஊர் விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். முழுமையான ஆய்வும் சுற்றாடல் அறிக்கையும் இல்லாமல் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக்கூடாது என்று 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. கல் மண்ணிலேயே மிஞ்சியது. அதைச் சுத்தம் செய்து மருத்துவத் தரமான ஹைட்ரொக்சி அபடைட்டாக்கும் வழிகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் உட்பட எங்கள் நாட்டு ஆய்வாளர்கள் பின்னர் செய்து காட்டியிருக்கிறார்கள். மூட்டை கணக்கில் உரமாக விற்கும் கல், கிராம் கணக்கில் மருந்தாக விற்கலாம் என்றால் நாட்டுக்கு எவ்வளவு வித்தியாசம்! அதற்காக யாரும் உர மூட்டையைப் பிரித்துக் காலில் பூசிக்கொள்ள வேண்டாம். பாறையில் புளோரீனும் குளோரீனும் வேறு கலப்புகளும் இருக்கின்றன.

சென்னை ஐ.ஐ.டி.யில் சம்பத்குமார் என்ற பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் இதே பொருளை முட்டைக் கோதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கோது முழுக்கக் கல்சியம்தானே. பொஸ்பேட்டைச் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள். கிழமைக்கு ஒரு கடதாசிப் பை நிறையக் கோதை நாங்கள் ரோசாச் செடியடியில் கொட்டுகிறோம். முறிவு தறிவு வைத்தியர்கள் முட்டையின் வெள்ளைக் கருவைப் பத்தோடு சேர்ப்பதுண்டு. ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி ஆயிரம் வருடத்துக்கு முன்னே மாவரைக்கும் இடத்தில் படியும் மாத்தூசியை முட்டை வெள்ளையில் குழைத்து முறிவுக்குக் கட்டச் சொன்னார். இப்போது கோதுக்கும் வேலை வந்துவிட்டது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் ஆட்டின் தொடையெலும்பில் ஒரு துண்டை அகற்றி, அந்த இடைவெளியில் மூன்று வகைக் கனிமம் சேர்ந்த பீங்கானை வைத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. ஆட்டின் சொந்த உயிரணுக்களையும் சேர்த்து வைத்தபோது எலும்பு இன்னும் நன்றாக வளர்ந்தது. அந்த ஊர் எங்களுக்குக் கடல் தாண்டி ஒரு எட்டு. இந்த வகைப் பொருள் அயலிலேயே மலிவாகக் கிடைக்கும் காலம் வந்தால் பதுளைப் பெரியாஸ்பத்திரி வாட்டில் படுத்திருக்கும் ஏழைக்கும் அது எட்டும். இப்போதைக்கு விலை ஒரு தடைதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும் இப்படியான சாமானைச் சிலவேளை வெளியில் வாங்கி வரச் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் உலோகத்தால் செய்தாலும் சரியாகுமா என்று கேளுங்கள். பல முறிவுகளுக்கு உலோகமே போதும், கடன்பட்டுக் கரையும் ஆணி வாங்கத் தேவையில்லை. உலோகத்தில் நஜிஸ் பிரச்சினையும் இல்லை.

பொருளை வாங்கி வரச் சொன்னாலோ ஆஸ்பத்திரியிலேயே தந்தாலோ பெட்டியில் உள்ள எழுத்தைப் பாருங்கள். ஆங்கிலம் வாசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிந்தெட்டிக் என்றிருந்தால் செயற்கை. ஹைட்ரொக்சி அபடைட், டிரைகல்சியம் பொஸ்பேட் என்பவை கல்லின் பெயர்கள். அவை மாட்டெலும்பிலிருந்தும் வரலாம் என்பதால் பக்கத்திலேயே சிந்தெட்டிக் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பி.எல்.ஏ., பி.எல்.எல்.ஏ. என்பவை கரையும் பல்பகுதியம். பொவைன் என்றால் மாடு. போர்சைன் என்றால் பன்றி. அலோகிராஃப்ட் என்றால் இன்னொரு மனிதருடையது, ஸெனோகிராஃப்ட் என்றால் மிருகத்தினுடையது. கொலாஜன், ஜெலட்டின் என்று இருந்தால் எந்த மிருகம் என்று கேட்க வேண்டும். கேட்கும்போது இப்படிக் கேளுங்கள்: "டொக்டர், இது செயற்கையா, மிருகத்திலிருந்து எடுத்ததா? செயற்கையில் இதே வேலைக்கு வேறு இருக்கிறதா?" சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டாம். சிங்கள டொக்டராக இருந்தாலும் தமிழ் டொக்டராக இருந்தாலும் நம் பேணுதல் அவர்களுக்குத் தெரியும், சொல்லித் தருவார்கள். வேறு வழியே இல்லை, தாமதித்தால் பிள்ளைக்குக் கெடுதி என்று அவர் சொன்னால், மேலே சொன்ன மின்ஹாஜின் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. மேலும் விளக்கம் வேண்டுமானால் ஊர் ஆலிமிடமோ ஜம்இய்யத்துல் உலமாவின் பத்வாக் குழுவிடமோ கேட்டுக்கொள்ளலாம். சத்திரசிகிச்சைத் தேதி நெருங்குவதற்கு முன்னரே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரு சின்ன ஒட்டுத் துண்டு வரும், பொருளின் பெயரும் இலக்கமும் அதில் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். வெறும் பல்பகுதிய ஆணி எக்ஸ்ரே படத்தில் தெரியாது. கல் கலந்தது தெரியும், ஆனால் வருடங்கள் போகப் போக மங்கிக்கொண்டே வரும். பிற்காலத்தில் வேறோர் ஊரில், வேறொரு டொக்டர் அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்து "இந்த இடத்தில் என்ன வைத்தார்கள்?" என்று கேட்டால் காட்டுவதற்கு அந்தத் துண்டுதான் இருக்கும்.